கொடுவா ஏன் இரண்டு தடவை வந்தது?

மட்டக்களப்புத் தன்னாமுனையில் அக்கா வீட்டு விறாந்தையில் இருந்தால் வாவிக் காற்று முகத்தில் அடிக்கும். அன்று பின்னேரம் அத்தான் மீன்பெட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து கதிரையில் சாய்ந்தார். மருமகள் நிலத்தில் பாய் போட்டு மடிக்கணினியோடு இருந்தாள். ஏ.எல். ஐசிடி பாடத்துக்குப் பைதன் படிக்கிறாள். படித்த சூட்டோடு தகப்பனுடைய மீன் கணக்கைக் கணினியில் ஏற்றிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். எந்த மீன் எத்தனை கிலோ போனது, என்ன காசு வந்தது என்று கூட்டிச் சொல்கிற இருபது வரி நிரல்.

நிரல் ஓடியது. மணலை, இறால், கொடுவா, சாளை, மறுபடி கொடுவா.

“மாமா, கொடுவா ரெண்டு தரம் வந்து கிடக்கு.”

அத்தான் எட்டிப் பார்த்தார். “ரெண்டும் ஒரே கொடுவாதான் புள்ள. வேற சாதியெண்டு ஒண்டும் இல்ல.”

எழுத்துப் பிழையாக இருக்கும் என்று நானும் குனிந்து பார்த்தேன். பிழை இல்லை. ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் அச்சாகப் பொருந்தும் இரண்டு சொற்கள். ஆனால் இரண்டும் சமமா என்று பைதனைக் கேட்டால் இல்லை என்றது. சொல்லின் நீளத்தை அளந்து சொல்லும் ‘லென்’ கட்டளையைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். முதல் கொடுவாவுக்கு 6. இரண்டாவது கொடுவாவுக்கு 7. நாங்கள் எண்ணினாலோ கொ, டு, வா என்று மூன்றே எழுத்து. ஒரு மீனுக்கு மூன்று கணக்கு.

கணினிக்குள் எழுத்து இல்லை, எண்தான் இருக்கிறது. உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோட் 1991இல் முதற்பதிப்பாக வெளிவந்தபோதே தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இருக்கைகளை ஒதுக்கியது. இன்றைக்கு அவற்றில் 72 நிரம்பியிருக்கின்றன. 247 எழுத்துள்ள மொழி 72க்குள் எப்படி அடங்கும்? இந்திய மொழிகளுக்கென்று 1988இல் வகுத்த ஒரு குறியீட்டு முறையை யூனிகோட் அப்படியே பின்பற்றியது. அதன்படி உயிரெழுத்துக்கு ஓர் எண், அகரமேறிய மெய்க்கு ஓர் எண், பிறகு கொம்பு, கால், விசிறி, புள்ளி என்று ஒவ்வொரு குறிக்கும் தனித்தனி எண். ‘மீன்’ என்று நாம் எழுதும் இரண்டெழுத்துச் சொல் உள்ளே 2990, 3008, 2985, 3021 என்று நான்கு எண்களாகக் கிடக்கும். ம, அதன் தலைமேல் சுழி, ன, அதன் மேல் புள்ளி. ‘ன்’னை அழிக்கப் போனால் முதலில் புள்ளி மட்டும் அழிந்து ‘மீன’ என்று நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் காரணம் இதுதான்.

கொடுவாவின் சிக்கல் ‘கொ’வில் இருந்தது. க-வுக்குப் பின்னால் ‘ஒகரக் குறி’ என்ற ஒரே எண்ணை, 3018ஐ, வைக்கலாம். அல்லது கொம்பை 3014 என்றும் காலை 3006 என்றும் பிரித்து இரண்டு எண்ணாகவும் வைக்கலாம். திரையில் வரையும்போது இரண்டும் ஒரே உருவம். பாதிப் பட்டியலை அவள் தானே தட்டியிருந்தாள். மீதியைச் சித்தப்பா போனில் அனுப்ப, அதை அப்படியே ஒட்டியிருந்தாள். அவருடைய விசைப்பலகை கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போடுகிற வகை. அவ்வளவுதான் நடந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2008 டிசம்பரில் வந்த பைதன் 3 முதல், மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். மார்ட்டின் வான் லோவிஸ் 2007இல் எழுதிய முன்மொழிவு அதற்கு வழிவிட்டது. ‘கொடுவா’ என்ற பெயரில் ஒரு மாறியை உண்டாக்கி, அதை ஓரிடத்தில் ஒரு விதமாகவும் வேறோரிடத்தில் மற்ற விதமாகவும் தட்டிப் பாருங்கள். பைதன் குழம்பாது. பெயர் என்றால் அதை ஒரு சீர்வடிவத்துக்கு மாற்றிய பிறகே பார்க்க வேண்டும் என்று அந்த முன்மொழிவிலேயே விதி இருக்கிறது. ஆனால் அதே சொல்லை மேற்கோள்குறிக்குள் போட்டால் அது தரவு, உங்களுடைய சொத்து. கேட்காமல் அதில் கை வைக்க மாட்டேன் என்று பைதன் விலகி நிற்கிறது. முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. யோசித்தால் அது சரியான மரியாதை. கேட்டால் செய்து தரும்: ‘நார்மலைஸ்’ என்ற கட்டளையில் ஒரு தடவை போட்டெடுத்தால் இரண்டு கொடுவாவும் ஒன்றாகிவிடும். நிரலில் ஒரு வரி கூடியது, பட்டியலில் ஒரு வரி குறைந்தது.

எல்லாம் இப்படித் தீராது. ‘கௌரி’ என்ற பெயரைச் சிலர் கொம்பு, க, அதற்குப் பக்கத்தில் ள என்று தட்டுவார்கள். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. யூனிகோட் கணக்கில் அது ‘கெளரி’, வேறு சொல். எந்தக் கட்டளையும் அதைத் திருத்தித் தராது.

மீன் கணக்கில் இது சிரித்துவிட்டுப் போகும் விஷயம். ஆட்களின் பெயர்ப் பட்டியலில் அப்படியில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்த மாவட்டத்தில் எத்தனை பெயர்ப் பட்டியல்களை விரல் வைத்துத் தேடினோம் என்பது எங்களுக்குத் தெரியும். அந்த நாட்களில் இலங்கைக் கணினித் தொண்டர்கள் ‘சஹானா’ என்ற மென்பொருளை எழுதினார்கள். நிவாரணம் என்பதற்கான சிங்களச் சொல் அது. காணாமற்போனோர், முகாம்கள், உதவிப் பொருள்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பதியும் மென்பொருள். திறந்த மூலமாக விட்டதால், 2005இல் பாகிஸ்தானில் நிலம் அதிர்ந்தபோது அங்கேயும் கொண்டுபோய்ப் பயன்படுத்தினார்கள். 2006இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருது அதற்குக் கிடைத்தது. கொம்பும் காலும் பிரிந்து நின்றதால் ஒரு ‘யோகம்மா’வும் இன்னொரு ‘யோகம்மா’வும் பொருந்தாமற் போனால் என்னவாகும் என்று யோசித்தேன். மருமகளுக்குச் சொல்லவில்லை. அவள் பிறந்ததே அதற்குப் பிறகு.

அவள் பயன்படுத்துவது புதிய பைதன். நெதர்லாந்தில் கீடோ வான் ராசம் 1989 நத்தார் விடுமுறையில் பொழுதுபோக்காக எழுதத் தொடங்கிய மொழி, இப்போது ஆண்டுக்கு ஒரு பதிப்பு என்று வருகிறது. 3.13 பதிப்பு 2024 அக்டோபர் 7இல் வந்தது, 3.14 சரியாக அடுத்த வருடம் அதே தேதியில். நான் பழகிய காலத்துப் பைதனின் உரையாடல் திரை பழைய கடைக்காரர் மாதிரி: ஒரு வரி கேட்டால் ஒரு வரி பதில். ஐந்து வரியில் ஒரு வளையம் எழுதி மூன்றாவது வரியில் பிழை விட்டால், மேல்நோக்கிய அம்பை அழுத்தி ஒவ்வொரு வரியாகக் கூப்பிட்டு மீண்டும் அடுக்க வேண்டும். 3.13இல் அந்த ஐந்து வரியும் ஒரே கட்டாகத் திரும்பி வருகிறது. நடுவில் போய்த் திருத்திவிட்டு ஓட்டலாம். 3.14இல் தட்டத் தட்டவே கட்டளைச் சொல் ஒரு நிறம், மேற்கோளுக்குள் இருப்பது இன்னொரு நிறம் என்று பிரிந்து தெரிகிறது.

வெளியே போகும் கட்டளையின் கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. பழைய திரையில் ‘எக்ஸிட்’ என்று தட்டினால், “வெளியே போக எக்ஸிட்டுக்குப் பின்னால் அடைப்புக்குறி போடவும்” என்று பதில் வரும். போகத்தான் கேட்கிறான் என்று தெரிந்துகொண்டே வாசலை மறித்து நிற்கிற வேலை. பல வருடங்களாக உலகம் முழுக்க இதற்குத் திட்டு வாங்கியிருக்கும். 3.13இல் அடைப்புக்குறி இல்லாமலே கதவு திறக்கிறது.

இந்தத் திரையைப் பைதன்காரர்கள் வெறும் தரையிலிருந்து கட்டவில்லை. பைதனையே பைதனில் எழுதிப் பார்க்கும் ‘பைபை’ என்ற இன்னொரு திறந்த மூலத் திட்டம் இருக்கிறது. அங்கே ஓடிக்கொண்டிருந்த பகுதியைத்தான் எடுத்துத் திருத்திக் கொண்டார்கள். அயல் வீட்டு வலையை வாங்கிப் பொத்தல் அடைத்து வீசுவது மாதிரி. திறந்த மூலத்தில் இது களவு இல்லை, வழக்கம்.

மருமகளுக்கு ஆகப் பிடித்தது 2021இல் வந்த 3.10 பதிப்பில் சேர்ந்த வசதி. ‘மீன்’ என்று பெயர் வைத்துவிட்டு, அவசரத்தில் ‘மின்’ என்று தட்டினாள். முன்பென்றால் “அப்படி ஒரு பெயர் இல்லை” என்பதோடு முடிந்திருக்கும். இப்போது கூடவே “மீன் என்றா சொல்ல வந்தீர்கள்?” என்று கேட்டது. கேள்வி ஆங்கிலத்தில்தான், ஆனால் நடுவில் ‘மீன்’ என்று தமிழ்ச் சொல். “இதுக்குத் தமிழ் தெரியுமா மாமா?” என்று கேட்டாள்.

தெரியாது. ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக்க எத்தனை குறிகளைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணுகிறது. சோவியத் கணிதவியலாளர் விளாதிமிர் லெவன்ஸ்டைன் 1965இல் வகுத்த அளவை அது. ஏற்கெனவே இருக்கும் பெயர்களில் எது போதிய அளவு கிட்ட இருக்கிறதோ அதைச் சொல்லும். சற்றுமுன் நாங்கள் குறை சொன்ன அதே விஷயம் இங்கே நன்மையாகிவிட்டது. எழுத்தாக எண்ணினால் மீன், மின் இரண்டுக்கும் நடுவே பாதிச் சொல்லே வேறு. இரண்டில் ஒன்று. குறியாக எண்ணினால் நான்கில் ஒன்றுதான் வேறு, மிகக் கிட்டம். தமிழில் பெரும்பாலான தட்டச்சுப் பிழைகள் குறில் நெடில் குழப்பமும் விட்டுப்போன புள்ளியும்தான். தமிழை மனதில் வைத்துச் செய்யாத ஒரு கணக்கு தமிழ்ப் பிழைக்கு இப்படிப் பொருந்தி வந்தது எனக்கு இன்னும் ஆச்சரியம். 3.14இல் இந்த உதவி கட்டளைச் சொற்களின் எழுத்துப் பிழைக்கும் நீண்டிருக்கிறது.

3.13, 3.14 இரண்டு பதிப்புகளிலும் பெரிய செய்தி வேறு. அதை விளக்க எனக்குக் கல்லடிப் பாலம் போதும். அங்கே பழைய இரும்புப் பாலத்தில் ஒரு வரிசை வாகனத்துக்கே இடம். அந்தப் பக்கத்து வாகனங்கள் கடந்து முடியும்வரை இந்தப் பக்கத்தில் நின்று வாவியைப் பார்த்துக்கொண்டிருப்போம். பைதனுக்குள்ளும் தொடக்க காலம் முதல் அப்படி ஒரு பூட்டு உண்டு. உங்கள் கணினியில் எட்டு மூளை இருக்கலாம். ஆனால் ஒரு நிரலுக்குள் எத்தனை வேலைகளை இழை இழையாகப் பிரித்துவிட்டாலும், ஒரு நேரத்தில் ஓர் இழைதான் பைதன் கட்டளைகளை ஓட்ட முடியும்.

ஏன் இப்படி வைத்தார்கள்? பைதன் ஒவ்வொரு பொருளின் மேலும், அதை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று ஓர் எண்ணிக்கை எழுதி வைக்கிறது. எண்ணிக்கை பூச்சியமானால் பொருளைத் தூக்கி எறிந்து இடத்தை மீட்கும். இரண்டு இழைகள் ஒரே கணத்தில் அந்த எண்ணைக் கூட்டினால் ஒன்று விழுந்து போகலாம். பிறகு, ஒருவர் பிடித்திருக்கும்போதே பொருள் குப்பைக்குப் போய்விடும். அந்த விபத்தைத் தவிர்க்க ஒற்றை வழிப் பாலம். பூட்டை எடுத்தும் பைதனைப் பத்திரமாக ஓட்டலாம் என்று சாம் குரோஸ் என்ற நிரலாளர் செய்து காட்டினார். 2023இல் அவருடைய முன்மொழிவை ஏற்றுக்கொண்டார்கள். 3.13இல் பரிசோதனையாக வந்த பூட்டில்லாத பைதன், 3.14இல் முறையான ஆதரவோடு வருகிறது. பழையதும் பக்கத்திலேயே நிற்கிறது. எதுவும் சொல்லாவிட்டால் நீங்கள் இறக்குவது பூட்டுள்ள பைதனைத்தான். கல்லடியிலும் 2013இல் ஜப்பானிய உதவியோடு புதுப் பாலம் திறந்த பிறகு பழையதை உடைக்கவில்லை. பூட்டில்லாததில் ஒற்றை இழை வேலை 5 முதல் 10 சதவீதம் வரை மெதுவாகும். மீன் கணக்குப் போடுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம் என்றால் கட்டளைகளையே தமிழில் எழுதினால் என்ன என்று மருமகள் கேட்டாள். கேட்டவர்கள் முன்னரே உண்டு. அமெரிக்காவில் வாழும் முத்தையா அண்ணாமலை 2007இல் ‘எழில்’ என்ற தமிழ் நிரல்மொழியைத் தொடங்கி, பின்னர் திறந்த மூலமாக விட்டார். அடியில் ஓடுவது பைதன்தான், மேலே முழுக்கத் தமிழ். அவளுக்கு மூன்று வரி எழுதிக் காட்டினேன்.

@( விலை > 1000 ) ஆனால்
  பதிப்பி "அதிகம்"
முடி

பாருங்கள், நிபந்தனை முன்னால், ‘ஆனால்’ பின்னால். ஆங்கிலம் வழி வந்த மொழிகள் ‘இஃப்’ என்று தொடங்கிவிட்டுத்தான் விஷயத்துக்கு வரும். தமிழில் விலை ஆயிரத்துக்கு மேல் ஆனால் என்றுதானே பேசுகிறோம். வெறும் சொற்களை மாற்றி ஒட்டாமல் வாக்கியத்தின் நடையையே மாற்றியது எழிலில் எனக்கு மிகப் பிடித்த இடம். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பைதனின் கட்டளைச் சொற்கள் மொத்தமே 35. ஏ.எல். பிள்ளை ஒரு கிழமையில் பாடமாக்கிவிடும். அவர்களை மறிப்பது அந்த 35 அல்ல. பிழை வரும்போது நீளமாக வந்து விழும் ஆங்கில வாசகமும், நூற்றுக்கணக்கான பக்க விளக்கமும்தான். தமிழாக்கம் அங்கேதான் முதலில் வேண்டும் என்பது என் கட்சி.

எழிலின் கூடப் பிறந்த ‘ஓப்பன் தமிழ்’ என்ற நிரல் தொகுப்பு அன்றைக்கே எங்களுக்கு உதவியது. பட்டியலை அகரவரிசையில் அடுக்கச் சொன்னபோது பைதன் சாளையை முன்னாலும் சாவாளையைப் பின்னாலும் வைத்தது. அகராதி பார்த்துப் பழகிய யாருக்கும் கண்ணில் குத்தும். ய, ர, ல, வ, ழ, ள என்பது நம் வரிசை. வ முன்னால், ள பின்னால். யூனிகோட் இருக்கையிலோ ள-வுக்கு 2995, ழ-வுக்கு 2996, வ-வுக்கு 2997. பைதன் எண்ணைப் பார்த்து அடுக்குகிறது, அதைச் சொல்லிக் குற்றமில்லை. ஓப்பன் தமிழ் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்து, நம் வரிசைப்படி ஒப்பிட்டுத் தருகிறது. கொடுவாவுக்கு மூன்று என்று சரியாக எண்ணியதும் அதுதான். சாவாளை ஏறி மேலே வந்தது.

“மறுகா இதையும் வாசிக்குமா பாரன்” என்று அத்தான் உள்ளே போய் ஒரு பழைய கொப்பியை எடுத்து வந்தார். அவருடைய பாட்டன், அதாவது மருமகளுக்குப் பூட்டன், எழுதி வைத்த கடன் கணக்கு. எண்களெல்லாம் தமிழ் எண்கள்.

முதலில் பைதன் எங்களை அசத்தியது. ‘௧௨’ என்று தமிழ் எண்ணில் எழுதி, எண்ணாக்கு என்றால் 12 என்கிறது. ஒன்றை ஆங்கில எண்ணிலும் இரண்டைத் தமிழிலும் கலந்து கொடுத்தாலும் 12தான். ஆனால் பூட்டன் அப்படி எழுதவில்லை. அவர் பன்னிரண்டை ‘௰௨’ என்று எழுதுகிறவர். பத்துக்குத் தனிக் குறி, பக்கத்தில் இரண்டு. இதைக் கொடுத்ததும் பைதன் முடியாது என்றது. குறியின் மதிப்பைத் தனியாகக் கேட்டால் மட்டும், ௰ என்றால் பத்து என்று ஒழுங்காகச் சொல்கிறது. இலக்கம் என்பது வேறு, எண்மதிப்புள்ள குறி என்பது வேறு என்று யூனிகோட் பிரித்து வைத்திருக்கிறது. பழைய தமிழ் முறையில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக் குறி இருந்ததால் பூச்சியம் தேவைப்படவில்லை. தமிழ்ப் பூச்சியம் ‘௦’ யூனிகோடுக்குள் வந்ததே 2005இல், 4.1 பதிப்பில். 2019இல் 12ஆம் பதிப்பு பழைய பின்னக் குறிகளையும் உள்ளே எடுத்தது. இப்போதைய பைதனிடம் முந்திரிக் குறியைக் கொடுத்து மதிப்பைக் கேட்டால், 320இல் ஒரு பங்கு, அதாவது 0.003125 என்று சொல்லும். என் பாட்டி வாய்ப்பாடாகச் சொன்னதை நான் பாடமாக்கியதில்லை.

குறிகளின் மதிப்பு கிடைத்தால் மீதி எளிது. பெரிய குறிக்கு முன்னால் நிற்கும் இலக்கம் பெருக்கும், பின்னால் வருவது கூட்டும். ‘௨௰’ என்றால் இருபது, ‘௰௨’ என்றால் பன்னிரண்டு. மருமகள் எட்டு வரியில் எழுதி முடித்தாள். மூன்றாவது வரியில் பிழை விட்டாள். கட்டு முழுவதையும் திரும்பக் கூப்பிட்டு நடுவில் திருத்தினாள்.

கொப்பியின் நடுப்பக்கத்தில் ஓர் இடத்தில் ‘௱௨௰’ என்று இருந்தது. தட்டினாள். 120 என்று வந்தது. மற்ற வரிகளையெல்லாம் பூட்டன் குறுக்கே கோடு போட்டு வெட்டியிருந்தார், கடன் தீர்ந்ததற்கு அடையாளமாக. இந்த வரியில் மட்டும் கோடு இல்லை.

“அந்தக் காலத்து நூத்தியிருபது ரூபா” என்று அத்தான் நிமிர்ந்து இருந்தார். “ஆர்ர பேரில கிடக்கு?”

அவள் கொப்பியை வெளிச்சத்துக்குப் பிடித்தாள். பெயர் இருந்த மூலையைக் கறையான் தின்றிருந்தது.